படிவமும் குறியீடும்: சிங்கப்பூர்ப் பொதுச்சேவையில் கணினிமயமாதல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அரசு அலுவலகங்களுக்குள் கணினி நுழைந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது என்னும் பட்டியலே அங்கு வரலாறாகிறது. சிங்கப்பூரின் பட்டறிவு வேறொன்றை உணர்த்துகிறது என நாம் கருதுகிறோம். பொதுச்சேவையில் உண்மையான மாற்றம், பொறி வருவதற்கு முன்னர் மனிதர்களும் துறைகளும் தமக்குள் எட்டும் உடன்பாட்டிலிருந்தே தொடங்குகிறது. இக்கருத்தை இரண்டு சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. ஒன்று வணிகப் படிவம். மற்றொன்று தமிழ் எழுத்துக் குறியீடு.

ஒற்றைப் படிவம்

1980இல் டோனி டான் தலைமையில் அமைந்த தேசியக் கணினிமயக் குழுவின் பரிந்துரைப்படி 1981இல் தேசியக் கணினிக் கழகம் நிறுவப்பட்டது. அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்கும் திட்டமும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. தொடக்கத்தில் அலுவலகங்களின் உள்வேலைகளை விரைவாக்குவதும் ஆள்தேவையைக் குறைப்பதுமே அத்திட்டத்தின் முதன்மை நோக்கங்களாக இருந்தன. பொதுமக்கள் நின்ற முகப்பின் மறுபுறத்தில்தான் கணினி இருந்தது.

1985ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவு இந்நிலையை மாற்றியது. துறைமுகத்தை நம்பி வாழும் நாட்டில் வணிக ஆவணங்களின் தாமதம் பெருஞ்செலவாக உணரப்பட்டது. ஒரு சரக்கை ஏற்றவோ இறக்கவோ வணிகர் பல துறைகளுக்குப் பல படிவங்களை நிரப்பித் தரவேண்டியிருந்தது. அனுமதி கிடைக்க இரண்டு முதல் நான்கு நாள்கள் வரை ஆயின. இத்தாமதத்தைக் களைய எழுந்ததே 1989 சனவரி 1ஆம் நாள் செயற்பாட்டிற்கு வந்த டிரேட்நெட் கட்டமைப்பு. அதன்பின் அனுமதி பெறும் நேரம் ஏறத்தாழ 15 நிமிடங்களாகச் சுருங்கியது.

இவ்விரைவுக்குக் காரணம் கம்பிவழி இணைப்பு மட்டுமன்று. வர்த்தக வளர்ச்சிக் கழகத்தின் ஒருங்கிணைப்பில் கடல்வழிச் சரக்குத் துறையினர், வான்வழிச் சரக்குத் துறையினர், அரசுத் துறையினர் ஆகிய முத்தரப்பாரும் தனித்தனிக் குழுக்களாக அமர்ந்து தத்தம் ஆவண நடைமுறைகளை ஆராய்ந்தனர். பல படிவங்கள் ஏறக்குறைய ஒரே படிவமாகச் சுருக்கப்பட்டன. ஒவ்வொரு துறையும் தன் படிவத்தின்மீது கொண்டிருந்த உரிமையை ஓரளவு விட்டுக்கொடுத்த பின்னரே கணினிக்கு வேலை பிறந்தது. பழைய படிவங்களை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால் பழைய தாமதமே புதிய வடிவில் தொடர்ந்திருக்கும்.

இதே அணுகுமுறை பின்னர்க் குடிமக்களுக்கான சேவைகளுக்கும் விரிந்தது. 1999இல் வந்த இசிட்டிசன் தளம் சேவைகளைத் துறைவாரியாக அடுக்காமல், மனிதவாழ்வின் கட்டங்களுக்கேற்ப வகுத்தது. எந்த வேலை எந்த அமைச்சுக்கு உரியது என்பதைக் குடிமகன் அறிந்திருக்க வேண்டியதில்லை என்னும் எண்ணம் அதில் அடங்கியிருந்தது. 2003இல் அறிமுகமான சிங்பாஸ், பல துறைகளுக்கும் ஒரே கடவுச்சொல் என்னும் ஏற்பாட்டைத் தந்தது.

பொதுவான குறியீடு

இவ்விடத்தில் ஒரு வினா எழுகிறது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் சிங்கப்பூரின் அதிகாரத்துவ மொழிகள். ஆயினும் 1990களில் தமிழில் ஓர் அரசுப் பக்கத்தைத் திரையில் காட்டுவதே எளிதாக இருக்கவில்லை. தமிழ் எழுத்துருக்கள் பல. ஒவ்வொன்றுக்கும் குறியீடு வேறு. ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. சட்டம் வழங்கிய இடத்தைக் குறியீட்டுக் குழப்பம் மறைத்து நின்றது.

இத்தடையை நீக்கும் முயற்சி அரசு அலுவலகத்திலிருந்து மட்டும் வரவில்லை. சிங்கப்பூரில் தமிழ் விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி, கணியன் என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, டான் டின் வீ உள்ளிட்டோருடன் அவர் ஆற்றிய பங்கு குறிப்பிடத்தக்கது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு தமிழ் 99 விசைப்பலகையை ஏற்றது. 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டின்போது உத்தமம் அமைப்பு உருவானது. 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்திருந்தபோதிலும், அது பரவலான புழக்கத்திற்கு வர ஆண்டுகள் பல ஆயின. தமிழ்நாட்டரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010இல்தான்.

வணிகப் படிவத்திற்குச் சில ஆண்டுகளில் எட்டப்பட்ட உடன்பாடு, எழுத்துக் குறியீட்டிற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது ஏன்? படிவத்தைப் பொறுத்தவரை ஒரே அரசின் துறைகள் ஒரே மேசையில் அமர முடிந்தது. தமிழோ பல நாடுகளில் வழங்கும் மொழி; அதன் குறியீட்டைத் தீர்மானிக்கும் அதிகாரம் எந்த ஓர் அரசிடமும் இல்லை. மேலும், வணிகரின் தாமதம் வெள்ளிக் கணக்கில் அளக்கப்பட்டது. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் தேடும் நேரம் அத்தகைய கணக்கிற்குள் வருவதில்லை.

முடிவுரை

2020ஆம் ஆண்டின் கொவிட்-19 தொற்றுக் காலத்தில் அரசுச் செய்திகள் வாட்ஸ்அப் வழியாகத் தமிழிலும் கைப்பேசிகளை அடைந்தன. அதே ஆண்டில் மின்னிலக்கத் தூதர்கள் முதியோருக்குக் கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்பிக்கத் தொடங்கினர். நோய்த்தடுப்பு விதியை ஒரு குடிமகன் தன் மொழியிலேயே படிக்க முடிந்ததன் பின்னணியில், கால்நூற்றாண்டுக்கு முன் எழுத்துக் குறியீட்டிற்காக உழைத்தவர்களின் பங்கும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

எனவே, பொதுச்சேவையின் புதுமையை நேரச் சேமிப்பால் மட்டும் மதிப்பிடுவது போதாது. யாருடைய நேரம் சேமிக்கப்பட்டது, யாருடைய மொழி அதில் இடம்பெற்றது என்னும் வினாக்களும் எழுப்பப்பட வேண்டும். ஒரு சேவையைத் திட்டமிடும் மேசையிலேயே தமிழுக்கும் ஓர் இருக்கை இருத்தல் வேண்டும். பணி முடிந்தபின் மொழிபெயர்ப்பாகச் சேர்க்கப்படும் மொழி, சட்டத்தில் அதிகாரத்துவ மொழியாக இருப்பினும், நடைமுறையில் அந்நிலையை முழுமையாக எய்துவதில்லை.