பிரேம்களைத் தாங்கிய வட்டுகள்

உருவங்களின் வடிவம், மேற்பரப்பு, ஒளி, நிழல் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஒவ்வொரு பிரேமையும் முழுமையான படமாகத் தீட்டித் தரும் பணியே ரெண்டரிங் எனப்படுகிறது. இதில் நெடுநேரம் உழைப்பது செயலி என்பதால், இதற்கென வாங்கப்படும் கணினியில் சேமிப்பு வட்டைத் தேர்வதைப் பலரும் கடைசி வேலையாகத் தள்ளிவிடுகின்றனர். இத்தொழிலில் மிகுதியும் பேசப்படும் விபத்தோ சேமிப்பகத்தில்தான் நேர்ந்தது.

1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் கணினிக்காகச் சான் ஹோசே நகரில் உருவாக்கிய முதல் வன்வட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்தும் 50 லட்சம் எழுத்துகளையே தாங்கியது. 1980இல் சீகேட் நிறுவனம் ஏறத்தாழ அதே அளவு தகவலை மேசைக் கணினிக்குள் அடங்கும் 5.25 அங்குலப் பெட்டியில் தந்தது. உருவம் சுருங்கியதே தவிர, சுழலும் தட்டின்மேல் ஒரு கை நகர்ந்து காந்தப் பதிவைப் படிக்கும் முறை மாறவில்லை. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டிலும் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர்வதற்குச் சராசரியாக அரைச்சுற்று நேரம் காத்திருக்க வேண்டும். கை நகரும் நேரம் இதற்குமேல் தனி. தொடர்ச்சியாக எழுதப்படும் பெரிய கோப்புக்கு இந்தக் காத்திருப்பு பொருட்டன்று. உருவங்களின்மேல் போர்த்தப்படும் தோற்றப் படங்களாகிய டெக்ஸ்சர்கள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கும்போது அதுவே பெருந்தடையாகிறது.

முழுவதும் கணினியிலேயே உருவான முதல் முழுநீளத் திரைப்படமான ‘டாய் ஸ்டோரி’ 1995இல் வெளிவந்தது. பிக்சார் நிறுவனம் 117 சன் கணினிகளை ஒரே வேலையில் பூட்டி, 1,14,000க்கும் மேற்பட்ட பிரேம்களை 1536 × 922 புள்ளிகள் என்ற அளவில் ரெண்டர் செய்தது. புள்ளிக்கு மூன்று பைட் என்று கொண்டு, சுருக்கம் ஏதுமின்றிக் கணக்கிட்டால், ஒரு பிரேம் 4 மெகாபைட்டைத் தாண்டும். முழுப் படமும் ஏறத்தாழ 485 ஜிகாபைட் ஆகும். வீட்டுக் கணினிகளின் வட்டுகள் ஒரு ஜிகாபைட்டை எட்டத் தொடங்கியிருந்த காலம் அது. எனினும், ஒரு பிரேமைக் கணக்கிட முக்கால் மணி நேரம் முதல் 30 மணி நேரம் வரை பிடித்த நிலையில், அதை வட்டில் எழுதும் நேரம் கணக்கில் கொள்ளத்தக்கதே அன்று. வேகமான வட்டு வாங்கினால் ரெண்டரிங் விரைவாகும் என்னும் நம்பிக்கை அன்றும் பிழை, இன்றும் பெரும்பாலும் பிழையே.

இதற்கு முன்பே, 1988இல், பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர், விலை மலிந்த பல வட்டுகளை ஒன்றாகக் கோத்து, ஒன்று பழுதானாலும் மற்றவற்றிலிருந்து தகவலை மீட்கும் ரெய்டு முறையை முன்வைத்திருந்தனர். இம்முறை வட்டின் பழுதுக்கு மருந்தே ஒழிய மனிதப் பிழைக்கு மருந்தன்று. அழிக்குமாறு வரும் ஆணையை எல்லா வட்டுகளும் ஒருசேர நிறைவேற்றிவிடும். 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ படத்தின் கோப்புகள் தவறாக இடப்பட்ட ஓர் ஆணையால் அழியத் தொடங்கியபோது பெரும்பகுதி மறைந்துபோனது. மீட்க முயன்றபோது காப்புப் பிரதிகளும் சரிவரப் பதிவாகியிருக்கவில்லை என்பது தெரியவந்தது. குழந்தை பிறந்தபின் வீட்டிலிருந்து பணியாற்றிய தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்த பிரதியே படத்தைக் காத்தது. பிறகு கதையில் குறை கண்டு படத்தின் பெரும்பகுதியை நிறுவனமே மாற்றி எழுதியது என்பது இவ்வரலாற்றின் வேடிக்கை.

சுழற்சியின் காத்திருப்பை ஒழித்தது, மின்சாரம் நின்றபின்னும் பதிவை இழக்காத ஃபிளாஷ் நினைவகம். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1987இல் அறிமுகப்படுத்திய நேண்ட் வகையே இன்றைய எஸ்எஸ்டி வட்டுகளுக்கு அடிப்படை; ஆனால் அவை நெடுங்காலம் வன்வட்டுக்கென வகுத்த சாட்டா இணைப்பிலேயே பொருத்தப்பட்டன. அவ்விணைப்புக்கான ஏஹெச்சிஐ என்னும் பழைய ஏற்பாடு 32 ஆணைகள் கொண்ட ஒரே வரிசையை மட்டும் அனுமதித்தது. 2011இல் வகுக்கப்பட்ட என்விஎம்ஈ நெறியோ 65,000க்கும் மேற்பட்ட வரிசைகளுக்கு இடம் தந்தது. செயலியின் பல கருக்களும் ஒரே நேரத்தில் டெக்ஸ்சர்களைக் கேட்கும் ரெண்டரிங் பணிக்கு இதன் பயன் வெளிப்படை: பிரேமின் கணக்கீட்டு நேரம் அவ்வளவாகக் குறையாவிட்டாலும் காட்சி திறக்கும் நேரமும், நினைவகம் நிரம்பி வழியும்போது ஏற்படும் தடுமாற்றமும் குறைகின்றன.

ஆகவே நடப்பு வேலைக்கும் டெக்ஸ்சர்களுக்கும் என்விஎம்ஈ வட்டையும், முடிந்த பிரேம்களுக்கு வன்வட்டையும் ஒதுக்குவது தகும். பிரேம்கள் வரிசையாக எழுதப்படுபவை, ஜிகாபைட்டுக்கான விலையிலும் வன்வட்டே மலிவு. மூன்றாவதாகக் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைக்கும் வட்டு ஒன்றும் வேண்டும். அதிலுள்ள கோப்புகள் திறக்கின்றனவா என்பதை அவ்வப்போது திறந்து பார்த்தே அறிய முடியும்.