விசாரணை முடியும் வரை

ஒரு பெண் தன் மேலதிகாரி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தால் ஊரார் இரு அணிகளாகி விடுகின்றனர். ஒரு சாரார் அவரைக் குற்றவாளி என்றே தீர்மானிக்கின்றனர். மறு சாரார், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது சுமத்தப்பட்ட அவதூறைச் சுட்டிக்காட்டி அப்பெண்ணின் வாயை அடைக்கின்றனர். அங்கே அன்னையார் வதந்தியால் பாதிக்கப்பட்டவர் என்பதை ஏனோ மறந்து விடுகின்றனர்!

கூஃபாவின் ஆளுநர் ஸஅது பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர். காதிஸிய்யா போரின் தளபதி. அவருக்குச் சரியாகத் தொழவும் தெரியவில்லை என்பது வரை அவ்வூரார் சிலர் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் முறையிட்டனர். 'இத்தகையவர் மீதா?' என்று கலீஃபா புறந்தள்ளவில்லை. அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கி, அம்மார் (ரலி) அவர்களை நியமித்தார்கள். ஸஅதை அழைத்து விளக்கம் கேட்டார்கள், விளக்கம் நிறைவளித்தது. அத்துடனும் விடாமல் ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் விசாரிக்கச் செய்தார்கள். ஒருவரைத் தவிர யாவரும் ஸஅதைப் புகழ்ந்தனர். ஹிஜ்ரி 23-ல் மரணப் படுக்கையில், ஆட்சிக்குரிய அறுவரில் ஸஅதையும் சேர்த்த உமர் (ரலி) அவர்கள், தாம் அவரை விலக்கியது இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அன்று என்றும் அறிவித்தார்கள். விலக்கி வைத்தது தண்டனையன்று.

அண்ணலார் (ஸல்) காலத்தில், தொழுகைக்குச் சென்ற ஒரு பெண் வழியில் பலாத்காரத்திற்கு ஆளானார். பதற்றத்தில் வேறொருவரைக் காட்டிவிட்டார். அவர் தண்டிக்கப்படவிருந்த வேளையில் உண்மைக் குற்றவாளி எழுந்து ஒப்புக்கொண்டான். நபியவர்கள் அப்பெண்ணுக்கு அல்லாஹ்வின் மன்னிப்பைக் கூறி அனுப்பினார்கள். தவறாகக் காட்டப்பட்டவரிடமும் நல்வார்த்தை கூறினார்கள். திர்மிதியிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியுள்ளது.

நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். அதுவரை, அப்பெண் எழுதிக் கேட்டால், இருவரில் ஒருவரை இடமாற்றவோ அவருக்கு மூன்று மாதம் வரை விடுப்பளிக்கவோ குழு பரிந்துரைக்கலாம். இரு தரப்பின் பெயரையும் வெளியிடலாகாது. புகாரை நிரூபிக்க இயலாமை மட்டுமே அப்பெண்ணைத் தண்டிக்கப் போதாது.

2021 பிப்ரவரியில் தமிழகக் காவல்துறைப் பெண் அதிகாரி ஒருவர், சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் மீது புகார் கொடுக்கச் சென்னை சென்றபோது, செங்கல்பட்டு அருகே சக அதிகாரிகளே வழிமறித்தனர். ராஜேஷ் தாஸ் மார்ச்சில் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். 2023 ஜூனில்தான் விழுப்புரம் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. வழிமறித்த அதிகாரிக்கு அபராதம் 500 ரூபாய்!

சீருடை அணிந்தவருக்கே இந்நிலை என்றால், ராயகிரியிலிருந்து கடைக்கும் மில்லுக்கும் வேலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள் எங்கே செல்வார்கள்? பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடமாயினும், முதலாளியே குற்றம் சாட்டப்பட்டாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்திற்குள் எழுத்தில் முறையிடலாம். எழுதத் தெரியாவிடில் குழுவினரே எழுத உதவ வேண்டும்.