‘போதிய வசதி’ உள்ளவர் யார்?

செஞ்சியில் எங்கள் தெருவில் யாருக்கு நீதிமன்றத்திலிருந்து காகிதம் வந்தாலும் அது ஒருமுறை என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவளுக்குச் சட்டத் தமிழும் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. சென்ற ஆண்டு ஒரு மாலையில், நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் பெண் அப்படி ஒரு காகிதத்தோடு வந்தாள். கணவனைப் பிரிந்து ஐந்து ஆண்டுகள், இரண்டு பிள்ளைகள். நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போகிறாள். பிள்ளைகளுக்கு மாதம் 6,000 ரூபாய் தர வேண்டும் என்று முன்பே உத்தரவு ஆகியிருந்தது. பத்து மாதமாகப் பணம் வரவில்லை. இப்போது தொகையைக் குறைக்கச் சொல்லி அவன் மனுப் போட்டிருந்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பார்த்த வேலை போய்விட்டது, வருமானம் ஏதுமில்லை, ஆகவே ‘போதிய வசதி’ இல்லை என்றது மனு.

“அவருக்கு வேலை போனது நெஜந்தான் டீச்சர். அதுக்காக நான் புள்ளைங்களுக்கு சோறு போடாம இருந்தனா?” என்றாள்.

அவளிடம் பதில் சொல்லும் முன் அந்த இரண்டு சொற்களின் வரலாற்றை நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1861இல் வந்தது. போதிய வசதியிருந்தும் மனைவியையோ, மண உறவுக்கு உள்ளேயோ வெளியேயோ பிறந்த குழந்தையையோ பராமரிக்காத ஆணை மாதந்தோறும் பணம் கட்டச் சொல்லலாம் என்றது அதன் 316ஆம் பிரிவு. உச்சவரம்பு 50 ரூபாய். குடும்ப விஷயம் எதற்காகக் குற்றவியல் நடைமுறைக்குள் வந்தது? 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், ஆதரவற்றவர்கள் தெருவில் அலைவதைத் தடுக்கும் வழியாகவே இதைப் பார்த்தார். அரசின் கவலை குழந்தையின் பசி பற்றியதல்ல, தெருவின் ஒழுங்கு பற்றியது. ஆனாலும் எந்த மதத்துப் பெண்ணும், சொத்து வழக்கு நடத்த வழியில்லாதவளும், மாஜிஸ்திரேட் முன் போய் நிற்க அது ஒரு கதவைத் திறந்தது.

கதவு திறந்தாலும் தொகை ஏறவில்லை. 1923இல் வரம்பு 100 ரூபாயானது, 1955இல் 500. சுதந்திர இந்தியா 1973இல் புதிதாக எழுதிய சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் அதே 500தான். அதிலும் ‘மொத்தத்தில்’ என்று ஒரு சொல் இருந்தது. மனைவிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே 500 என்று கணவர்கள் வாதாடினார்கள். மொத்தம் என்பது ஆட்களின் கூட்டல் அல்ல, ஒருவருடைய தேவைகளின் கூட்டல், ஆகவே ஆளுக்கு 500 வரை தரலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். மத்தியச் சட்டத்திலிருந்து அந்த வரம்பு 2001இல்தான் நீங்கியது. நாற்பத்தாறு ஆண்டுகள் அரிசி விலை ஏறியது. குழந்தையின் விலை ஏறவில்லை.

இனி ‘வசதி’. நிலம் இல்லை, வேலை இல்லை, எனக்கு ஏது வசதி என்று ஆண்கள் சொல்வது புதிதல்ல. 1926இல் சென்னை உயர் நீதிமன்றமே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துச் செஞ்சிக்கும் அதுதான் உயர் நீதிமன்றம். வசதி என்றால் கண்ணுக்குத் தெரியும் சொத்தோ நிலையான வேலையோ மட்டுமல்ல. ஆரோக்கியமும் உடல் வலுவும் உள்ள ஆணுக்கு அந்த உடலே வசதி என்றது அந்தத் தீர்ப்பு. திடகாத்திரமான இளைஞன் சம்பாதிக்க முடிந்தவன் என்றே கொள்ள வேண்டும், முடியாது என்றால் அதை அவன்தான் மெய்ப்பிக்க வேண்டும் என்று 1968இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. 2022இல் உச்ச நீதிமன்றம், உடலுழைப்புச் செய்தாவது மனைவியையும் குழந்தையையும் காப்பாற்ற வேண்டும் என்று மீண்டும் சொன்னது.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கேள்வி எங்கோ தவறாக இருக்கிறது. தந்தையின் உடலை வசதியாகக் கணக்கில் எடுக்க ஒரு தீர்ப்பு தேவைப்பட்டது. தாயின் உடலுக்கு யாரும் தீர்ப்பு எழுதவில்லை. அவள் சமைப்பாள், துவைப்பாள், காய்ச்சலில் விழித்திருப்பாள், வயலுக்கும் போவாள் என்பது கேள்வியே இல்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவளுக்குக் கூலி கிடைத்தால் மட்டும் அது எதிர்த்தரப்பு வாதத்தில் இடம்பெறும். வேலையிழப்பு ஆணுக்கு ஒரு வாதம். நடவு முடிந்து வேலையற்றிருக்கும் பெண்ணுக்கு அது வெறும் ஆடி மாதம்.

ஆண்களின் வேலையிழப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. 2020இன் ஊரடங்கில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் எங்கள் ஊர்களுக்குத் திரும்பியவர்களை நாங்களே பார்த்தோம். சட்டமும் பார்க்கிறது. சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்றது 127ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 146. அது இரண்டு பக்கமும் திறக்கும்: வேலை போனவன் குறைக்கக் கேட்கலாம், பள்ளிச் செலவு ஏறினால் அவள் கூட்டக் கேட்கலாம். ஆனால் வாயால் சொன்னால் போதாது. வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் இரு தரப்பும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. மனுப் போட்டதாலேயே பழைய பாக்கி தீர்ந்தும் போகாது. ‘உள்ளே போய் இருந்துவிட்டு வருகிறேன்’ என்று சொல்லும் ஆண்களும் உண்டு. சிறை என்பது வசூலிக்கும் வழிதான், சிறையிலிருந்ததால் கடன் அடையாது என்று 1989இலேயே தீர்ப்பாகிவிட்டது.

சரி, உண்மையிலேயே அவனிடம் எதுவும் இல்லாத மாதங்களில் குழந்தை எதைச் சாப்பிடும்? இந்த இடத்தில் சட்டத்தைவிட எங்கள் கோட்டைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை சேர்ந்தது. வருகிறவர்களுக்கு 1714இல் போரில் இறந்த தேசிங்கு ராஜன் கதையையும், அவனோடு தீயில் இறங்கிய ராணியின் கதையையும் சொல்கிறோம். அந்த ராணியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்தது என்பார்கள். கணவனோடு செத்தவளுக்கு ஒரு ஊரே இருக்கிறது. கணவன் இல்லாமல் பிள்ளை வளர்த்தவளுக்கு ஒரு தெருப்பெயர்கூட இல்லை. ஆனால் அதே கோட்டையில், ராஜகிரியின் அடிவாரத்தில், தடித்த சுவர்களோடு நெற்களஞ்சியம் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்ட கோட்டை இது. முற்றுகைக் காலத்துக்குத் தானியம் வேண்டும், அது தனித்தனி வீட்டின் பொறுப்பல்ல என்பது அரசர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுவீடன் 1937இல் அப்படி ஒரு சட்டம் செய்தது. பிரிந்த தந்தை பணம் தராவிட்டால் அரசு குழந்தைக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டு, பிறகு அவனிடம் வசூலித்துக்கொள்ளும். ஜெர்மனியில் 1980 முதல் இது உண்டு. அங்கே தந்தையின் வேலையிழப்பு அவனுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்கு. இங்கே அது அவனுக்கும், கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா பேருந்து ஏறும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான கணக்கு. பெண்ணியவாதிகளாகிய நாம் தொகையை உயர்த்தக் கேட்டிருக்கிறோம். முன்பணத்தையும் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் அன்று அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு ஒரு வரி. பாக்கித் தொகையை வசூலிக்க வாரண்டு கேட்கும் மனுவை, அந்தத் தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். வேலை கிடைத்ததும் சேர்த்துத் தருகிறேன் என்று அவன் சொன்னதை நம்பி அவள் பத்து மாதம் காத்திருந்தாள். நாட்காட்டியை எடுத்துவந்து எண்ணினோம். முதல் மாதத்துப் பணம் கைவிட்டுப் போக இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருந்தது.

“திங்கக்கிழமை கூலிக்குப் போவல டீச்சர், வக்கீலப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.