கற்பிட்டிக் கோட்டையும் கடல்வழிச் சீட்டும்

விமானப் பயணம் செய்வோர் ஒரு விந்தையை அறிவர். சில வேளைகளில் அருகிலுள்ள நகருக்குக் கட்டணம் அதிகம்; அதே வழியாக அப்பாலுள்ள நகருக்குச் செல்லக் கட்டணம் குறைவு. சூட்சுமமறிந்த பயணி தூர நகருக்குச் சீட்டுப் பெற்று, விமானம் மாறும் இடத்திலேயே கைப்பையோடு இறங்கிவிடுகிறான். இது விதிக்கு விரோதம் என்கின்றன விமான நிறுவனங்கள். பணம் கொடுத்த பின் இறங்குவது என் விருப்பம் என்கிறான் பயணி. இவ்வழக்குப் புதிதாயினும் இதன் உட்பொருள் பழையது. புத்தளக் கரை அதனை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது.

1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்த இபுனு பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியை இக்கரையிலே சந்தித்தார். ஆறுகள் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுபோற் குவிந்து கிடந்தன என்றும், மாபார், மலபார் நாட்டார் அவற்றை விலையின்றியே ஏற்றிச் சென்றனர் என்றும், அதற்கு ஈடாக மன்னனுக்குத் துணி முதலியன அளித்தனர் என்றும் அவர் எழுதிவைத்தார். கொடுப்பவனும் கொள்பவனும் மனமொத்த ஏற்பாடு அது.

பின்னர் இந்துமா கடலுக்குப் போர்த்துக்கேயர் வந்தனர். தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெறாத மரக்கலத்தைப் பிடித்துப் பறிமுதல் செய்யலாம் என்பது அவர்கள் வகுத்த சட்டம். அவர்களை அகற்றிய ஒல்லாந்தர் ஆட்களை மாற்றினரேயன்றி முறையை மாற்றவில்லை. கறுவாவோடு பாக்கையும் தம் கம்பனியின் ஏகபோகமாக்க முனைந்தனர். கண்டி நாட்டுப் பாக்கு தென்னிந்தியாவுக்குச் செல்வதற்கும், அங்கிருந்து துணி கண்டிக்கு வருவதற்கும் புத்தளம் ஒரு வாயில். அவ்வாயிலுக்குச் செல்லும் நீர்வழியைக் காவல் செய்யவே, களப்பின் முகப்பிலுள்ள கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டில் கோட்டை கட்டத் தொடங்கி, 1676ஆம் ஆண்டில் முடித்தனர்.

கோட்டை எழுந்தது, ஆயினும் வாணிபம் அடங்கவில்லை. கம்பனியின் கப்பல்கள் ஆழ்கடலில் வலியன. களப்பின் ஆழமற்ற நீரிலோ அவை புக இயலாதன. சிறிய தோணிகளுக்கு அந்நீரே அரண். கம்பனி குறித்த விலைக்கும் சந்தையில் கிடைத்த விலைக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, அவ்வளவு துணிவு தோணிக்காரனுக்குப் பிறந்தது. கம்பனி அதிகாரிகள் இதனைக் கள்ள வாணிபம் என்றனர். பாட்டன் காலந்தொட்டுப் பாக்கு ஏற்றியவனுக்கோ, இடையில் வந்து விலை குறித்தவனே அந்நியனாகத் தோன்றினான்.

இறுதியில் ஒல்லாந்தர் வாயிலையே முழுதாகக் கைக்கொண்டனர். போரின் முடிவில் 1766ஆம் ஆண்டு செய்த உடன்படிக்கையின்படி இலங்கைக் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. கடலை இழந்த கண்டியருக்கு உப்பும் அரிய பொருளாகும் நிலை வந்தது. ஆகவே சிலாபம், புத்தளம் பகுதிகளில் அவர்கள் உப்பு எடுக்கும் உரிமையையும் அவ்வுடன்படிக்கையிலேயே எழுத வேண்டியிருந்தது. சோற்றுக்கு உப்பிட ஒரு நாடு பிறர் ஒப்பத்தை நாடிய காலம் அது. முப்பது ஆண்டுகள் செல்லுமுன், 1795ஆம் ஆண்டில் கற்பிட்டி ஆங்கிலேயர் வசமாயிற்று.

விமானச் சீட்டுக்கும் தோணிச் சீட்டுக்கும் வேற்றுமை பெரிது. ஒன்றை வாங்குவோன் ஓர் ஒப்பந்தத்துக்கு இணங்குகிறான். மற்றொன்று படைவலியாற் சுமத்தப்பட்டது. எனினும் இரண்டிலும் ஒரு பாடம் உண்டு. நியாயம் விளங்காத விலைக்கு அருகே ஒரு குறுக்குவழி தானாகவே பிறக்கும். அதனை அடைக்கக் கோட்டை கட்டலாம், காவலும் வைக்கலாம். அந்நாளில் துணி கொடுத்துக் கறுவா கொண்ட கரைக்கு அவை இரண்டும் வேண்டியிருக்கவில்லை.