பழைய லான்ட் றோவர் வண்டியின் பெறுமதி: ஒரு வரலாற்று நோக்கு

சுவடியையோ கல்வெட்டையோ ஆராய்பவர், அதனைச் சான்றாகக் கொள்ளுமுன் இரு வினாக்களை எழுப்புவர். அது உரிமை கோரும் காலத்துக்கு உண்மையில் உரியதுதானா என்பது ஒன்று. பிற்காலத்தவர் கைபட்டு எந்த அளவுக்கு மாறியுள்ளது என்பது மற்றையது. கைத்தொழிற் பொருள்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். 1948ஆம் ஆண்டுக்கும் 1958ஆம் ஆண்டுக்குமிடையில் பிரித்தானியாவில் உற்பத்தியாகி, பின்னர் முதல் வரிசை என வழங்கப்பட்ட லான்ட் றோவர் வண்டி இதற்குத் தக்க உதாரணமாகும். அத்தகைய வண்டியொன்றின் நிலையையும் பெறுமதியையும் மதிப்பிடுவதற்கு, அது தோன்றிய காலத்தின் பொருளாதாரப் பின்னணியை அறிதல் இன்றியமையாததாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்கே அரசாங்கம் உருக்கினை முன்னுரிமையளித்துப் பங்கிட்டது. வசதிபடைத்தோருக்கான கார்களைச் செய்துவந்த றோவர் கம்பனி, வெளிநாட்டுச் சந்தைக்கேற்ற புதியதொரு பொருளைத் தேடவேண்டியதாயிற்று. அதன் பொறியியல் தலைவரான மோரிஸ் வில்க்ஸ், அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையில் யுத்த மிச்சமான அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அதனைப் பின்பற்றி 1947இல் மாதிரி வண்டி செய்யப்பட்டது. 1948 ஏப்பிரல் 30ஆந் திகதி அம்ஸ்ரடாம் மோட்டார்க் கண்காட்சியில் லான்ட் றோவர் அறிமுகமாயிற்று. உழவு இயந்திரத்தின் பணியையும் பாரவண்டியின் பணியையும் ஒருங்கே செய்யத்தக்கதாக அது கருதப்பட்டது. அன்றைய விலை 450 பவுண்.

தட்டுப்பாடு வண்டியின் உடலமைப்பையே நிர்ணயித்தது. வெளித்தகடுகள் அலுமினியக் கலப்புலோகத்தினாற் செய்யப்பட்டன. பாரத்தைத் தாங்கும் அடிச்சட்டகம் உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் ஒட்டவைத்து ஆக்கப்பட்டது. இந்த இருமையே இன்று வண்டியைப் பார்வையிடுவோரைப் பெரிதும் ஏமாற்றுகின்றது. அலுமினியம் கறள் பிடிப்பதில்லை. ஆதலால் எழுபது ஆண்டுகள் கடந்தும் வெளித்தோற்றம் உறுதியாகவே காணப்படும். ஆனால் சட்டகத்தின் உட்குழிவிற் சேறும் ஈரமும் தங்கி, கறள் உள்ளிருந்து வெளிநோக்கிப் பரவும். பின்புறக் குறுக்குச்சட்டம், வில்லுகள் பொருந்துமிடங்கள், சாரதியின் கால்கள் படியும் பகுதி, இயந்திரப் பகுதியைப் பிரிக்கும் உருக்குத் தடுப்பு ஆகியன முதலிற் பழுதடைவன. அலுமினியமும் உருக்கும் தொடுமிடங்களில் ஈரத்தின் துணையோடு அலுமினியமும் அரிக்கப்படும். எனவே அனுபவமுள்ளவர் பூச்சின் பளபளப்பை நோக்காது, வண்டியின் கீழே படுத்துச் சிறு சுத்தியலாற் சட்டகத்தைத் தட்டிப் பார்ப்பர். கணீரென்ற ஓசை தகட்டின் வலிமையையும், மந்தமான ஓசை அதன் நலிவையும் உணர்த்தும். இயந்திரத்தைத் திருத்தலாம், பற்சக்கரங்களை மாற்றலாம். சட்டகம் சிதைந்தால் வண்டி முழுவதையும் கழற்றியே ஆகவேண்டும்.

அடுத்தது காலநிர்ணயம். இங்கு அகச்சான்றுகள் பல உள. தொடக்ககால வண்டிகளில் அச்சுகளுக்கிடையிலான நீளம் 80 அங்குலம். 1954ஆம் ஆண்டு வண்டிகளில் அது 86 அங்குலமாகவும் பின்னர் 1956இல் 88 அங்குலமாகவும் கூடியது. முகப்பு வலையின் பின்னே மறைந்திருந்த முன்விளக்குகள் 1950இல் வெளியே தெரியலாயின. நான்கு சில்லுகளும் எப்போதும் வலுப்பெறும் ஆரம்ப ஏற்பாடும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டு, வேண்டியபோது முன்சில்லுகளை இணைக்கும் முறை புகுத்தப்பட்டது. 1.6 லீற்றர் இயந்திரம் 1952ஆம் ஆண்டு வண்டிகளில் 2 லீற்றராயிற்று. உறுப்புகளை எளிதிற் கழற்றி மாற்றத்தக்க வண்டியாதலால், ஓராண்டுச் சட்டகத்தில் வேறோராண்டு இயந்திரமும் கதவுகளும் பொருந்தியிருத்தல் வழமை. பத்திரத்திலும் தகட்டிலும் சட்டகத்திலும் உள்ள எண்கள் ஒத்துள்ளனவா எனப் பார்ப்பது, சுவடியின் பாடங்களை ஒப்புநோக்குவது போன்றதாகும்.

பெறுமதி பற்றிய கருத்தும் காலத்தோடு மாறியே வந்துள்ளது. விவசாயிக்கு அது வேலைக்கருவி. உடைந்த உறுப்புக்குப் பதிலாகக் கையிற் கிடைத்ததைப் பொருத்தி அடுத்த நாள் வேலைக்கு அனுப்புவதே அவரது நியாயம். சேகரிப்போருக்கோ தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையே இலட்சியமாயிற்று. 2016இல் அக்கம்பனியே முதல் வரிசை வண்டிகள் 25ஐ ஆதி நிலைக்கு மீட்டு விற்கும் திட்டத்தை அறிவித்தது. எனினும் முற்றாகப் புதுப்பிக்கப்பட்ட வண்டியில் விவசாயி வைத்த ஒட்டும், கயிறு உராய்ந்த தழும்பும் அழிந்துபோகின்றன. அவையும் வரலாறேயல்லவா?

இப்பிரச்சினைக்கு ஒரு விடை 860001 என்ற சட்டக எண்ணுடைய வண்டியிற் கிடைக்கின்றது. ஜே.யூ.ஈ. 477 எனப் பதிவான அவ்வண்டியே உற்பத்தி வரிசையின் முதலாவது எண்ணைப் பெற்றது. நோர்தம்பலாந்தில் நெடுங்காலம் கைவிடப்பட்டுக் கிடந்த பின்னர் அது மீட்கப்பட்டு மீண்டும் ஓடலாயிற்று. ஓடுவதற்கு வேண்டியவை திருத்தப்பட்டன. தேய்ந்து நெளிந்த பழைய தகடுகள் பெரிதும் அவ்வாறே பேணப்பட்டன. அதனருகே புதிதாகப் பூச்சிடப்பட்ட வண்டி அழகாகத் தோன்றலாம். ஆயினும் கூறுவதற்கு அதனிடம் குறைவாகவே உள்ளது.

ஆகவே, திருத்தம் குற்றமன்று. திருத்தத்தை மறைத்தலே குற்றம். கண்ணுக்குத் தெரியும் ஒட்டு வண்டி உழைத்த வாழ்வைக் கூறுகின்றது. தார் பூசி மறைத்த ஒட்டு, வாங்குவோரையும் வரலாற்றாசிரியரையும் ஒருங்கே வஞ்சிக்கின்றது. தட்டுப்பாட்டின் நடுவே தோன்றி, உழைப்பினால் தேய்ந்த பொருளொன்றின் மெய்யான பெறுமதியை, அத்தேய்வையும் சேர்த்துக் கணிப்பவரே அறிவர்.