அரிப்பின் பெட்டிகள்: முத்துக்கரையின் மரவேலையும் உலோகவேலையும்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையில், அருவியாறு கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையில் அமைந்த ஊர் அரிப்பு. இலங்கை வரலாற்று நூல்கள் இவ்வூரைப் பெரும்பாலும் இரண்டு செய்திகளுக்காகவே நினைவுகூர்கின்றன. கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் தப்பிவந்து ஒல்லாந்தரிடம் அடைக்கலம் புகுந்தது இங்குள்ள கோட்டையிலாகும். முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் தாம் தங்குவதற்கென 1801 தொடக்கம் 1804 வரையான ஆண்டுகளில் ஒரு மாளிகையைக் கட்டுவித்ததும் இங்கேயே. கைதி ஒருவரும் ஆளுநர் ஒருவரும் வந்து போனதற்கு அப்பால், இக்கரையில் மரத்தையும் உலோகத்தையும் கையாண்ட தொழிலாளர் எதனை ஆக்கினர் என்ற வினா அதிகம் எழுப்பப்படவில்லை.

கலை வரலாற்றில் பெட்டிக்குச் சிறப்பானதோர் இடம் உண்டு. தமிழில் ‘செப்பு’ என்னும் சொல் உலோகத்தையும் குறிக்கும். மூடியோடு கூடிய சிறு பேழையையும் குறிக்கும். குறுந்தொகையின் ஒன்பதாம் பாடலிலே கயமனார், தலைவனைப் பிரிந்து மெலிந்த தலைவியைச் சூடப்படாமல் செப்புக்குள்ளே தனித்துக் கிடந்த பூவுக்கு ஒப்பிடுகிறார். உட்பகை பற்றிய குறள் ஒன்றில் வள்ளுவர், புறத்தே பொருந்தி அகத்தே பொருந்தாத குடிக்குச் செப்பும் மூடியும் சேர்ந்த சேர்க்கையை உவமையாக்குகிறார். பிளவு தெரியாதபடி மூடியைப் பொருத்தும் தொழில்நுட்பம் மக்கள் அன்றாடம் கண்டதொன்றாக இருந்திராவிடின் இவ்வுவமை பிறந்திருக்க முடியாது.

இலங்கையில் எஞ்சியுள்ள அலங்காரப் பேழைகளுள் காலத்தால் முந்திப் புகழ்பெற்றவை கோட்டை இராச்சியத்து யானைத்தந்தப் பேழைகள். ஏழாம் புவனேகபாகு மன்னன் தன் பேரன் தர்மபாலனுக்கு முடியுரிமையை உறுதிசெய்துகொள்ளும் பொருட்டு லிஸ்பனுக்குத் தூது அனுப்பிய நிகழ்ச்சியோடு தொடர்புடைய பேழை இன்று மியூனிச் நகர அரண்மனைக் கருவூலத்தில் உள்ளது. பொன்னும் மாணிக்கமும் நீலமும் பதித்த அப்பேழை ஓர் அரசியல் விண்ணப்பம். ஒல்லாந்தர் காலத்தில் நிலைமை வேறாயிற்று. அவர்களது கரையோர நகரங்களில் கருங்காலி போன்ற அருமரங்களாற் செய்த எழுதுபெட்டிகளும் வெற்றிலைப் பெட்டிகளும் கம்பனி உத்தியோகத்தர் வீடுகளை அலங்கரித்தன. மூலைகளுக்கு வெள்ளித் தகடு, பூட்டுவாய்க்குப் பூவும் இலையுமாக வெட்டிய வெள்ளிக் கவசம், மூடியிலே கொடிக்கருக்கு. அரிப்புக்குக் கிழக்கே விரியும் வறள்வலயக் காடுகளில் கருங்காலியும் முதிரையும் பாலையும் வளர்ந்தன என்பதை இங்கு மனங்கொள்ள வேண்டும். அரிப்பு மூலப்பொருளுக்கு அருகில் இருந்தது. அம்மூலப்பொருளை விலை கொடுத்து அழகுபடுத்தச் செய்யும் வீடுகளோ தொலைவில் இருந்தன.

இவ்வலங்காரங்களின் இலக்கணத்தை முறையாக ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 தொடக்கம் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக நாடெங்கும் சுற்றிய காலத்தில், பாறைகளைத் தேடிச் சென்றவர் கைவினைஞரையும் கண்டுகொண்டார். அதன் பயனே 1908இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவரது பெருநூல். சுண்ணாம்புக் கரண்டகம், வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி ஆகியவற்றில் இடம்பெறும் கொடி, தாமரை இதழ், அரசிலை, அன்னம், பெண்ணுருவாக மலரும் நாரிலதா முதலிய வடிவங்களை அவர் வகைப்படுத்தினார். அவர் பதிவுசெய்த வடிவங்களுள் அன்னாசிப் பூவும் ஒன்று. அன்னாசி, போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்த அமெரிக்கச் செடி. ஆயினும் அது பழங்கொடிகளுக்கிடையே அந்நியமின்றிக் கலந்துவிட்டது. கம்மாளன் மரத்தடியில் அமர்ந்து பூவைப் பார்த்து வரைந்தவன் அல்லன். தந்தையின் கையிலிருந்து தன் கைக்கு வந்த பூவையே அவன் செதுக்கினான். புதிய செடி ஒன்று வந்தபோது அதையும் அந்தப் பழைய கைக்கு இசைவித்துக்கொண்டான்.

இத்தகைய வளர்ச்சிக்கு நிலையான பட்டறை வேண்டும். ஆண்டுதோறும் பணி தரும் கோயிலோ அரண்மனையோ செல்வர் வீடோ வேண்டும். அரிப்பில் இவை அமையவில்லை. முத்துக்குளிப்பு நடைபெறும் ஆண்டுகளில், மாசி பங்குனி தொடங்கிச் சில வாரங்களுக்கு, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களை அண்டிய மணற்பரப்பில் ஓலைக்கொட்டில்களால் ஆன ஒரு நகரம் எழும்பும். தூத்துக்குடி, கீழக்கரை, நாகப்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து குளிகாரரும் வணிகரும் வந்து குவிவர். கொண்டச்சிக் கரையில் நல்ல நீர் இன்மையால் குடிநீர் அரிப்பிலிருந்து சுமந்து செல்லப்பட்டது. பருவம் முடிந்ததும் நகரம் கலைந்துவிடும். அடுத்த ஆண்டும் அது எழும்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆர்க்காட்டு நவாப்புடன் ஏற்பட்ட உரிமைத் தகராறினால் 1768இன் பின் ஒல்லாந்தர் ஆட்சி முடியும் வரை குளிப்பு நடைபெறவில்லை. சிப்பிப்பார்கள் வறண்டமையால் 1838 தொடக்கம் 1854 வரையும், மீண்டும் 1892 தொடக்கம் 1902 வரையும் கடல் வெறுமையாய்க் கிடந்தது. ஒரு தலைமுறையே வேலையின்றிக் கழியக்கூடிய ஊரில் எந்தத் தச்சன் கருங்காலியை அடுக்கிவைத்துக் காத்திருப்பான்?

எனினும் அரிப்புக் கரையில் பெட்டி இல்லாமற் போகவில்லை. அங்கே ‘பெட்டி’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. முத்துத் தொழிலில், துளையிட்ட சிறு பித்தளைக் கிண்ணங்களே பெட்டிகள் எனப்பட்டன. ஒரு தொகுதியில் பத்து உண்டு. முதலாவதில் 20 துளைகள். அடுத்தவற்றில் முறையே 30, 50, 80, 100, 200, 400, 600, 800. இறுதிப் பெட்டியில் 1,000. கிண்ணங்களின் பருமன் ஏறக்குறைய ஒன்றே. துளைகள் பெருகப் பெருக அவை நுண்மையாகும். முத்துகளை முதற்பெட்டியில் இட்டு அசைக்கும்போது தங்கி நிற்பவை இருபதாம் பெட்டி முத்துகள். வீழ்ந்தவை அடுத்த பெட்டிக்குச் செல்லும். ஆயிரம் துளைப் பெட்டியையும் கடந்து விழுவது தூள். இவ்வாறு அளவால் பிரித்த பின்னரே உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணிமுத்து முதலாகத் தரம் பிரிப்பர். தமிழில் அரித்தல் என்பது சலித்துப் பிரித்தலையும் குறிக்கும். யாழ்ப்பாணத்து வீடுகளில் சல்லடைக்கு அரிதட்டு என்பதே வழக்கு. ஊர்ப்பெயர் எவ்வழி வந்ததாயினும், அரிப்பிலே அரிப்புத் தொழில் நடந்தது என்பது இனியதோர் ஒற்றுமை.

ஒரு பித்தளைக் கிண்ணத்தின் அடியில் ஆயிரம் துளைகளை ஒரே அளவாக இடுவது எளிய வேலையன்று. ஒரு துளை சற்று அகன்றாலும் பெட்டி முழுவதும் பொய்யாகிவிடும். அந்தப் பொய்யின் விலையும் பெரிது. முத்தின் விலை அதன் நிறையோடு நேராக ஏறுவதில்லை. நிறையை அந்நிறையாலேயே பெருக்கிக் கணக்கிடும் முறையில் மதிக்கப்பட்டது. இருமடங்கு நிறையுடைய முத்து நான்மடங்கு விலை பெறும். எனவே அரசாங்கமும் வணிகரும் குளிகாரரும் தத்தம் பங்கை நம்பி ஒப்படைத்தது, பெயர் தெரியாத ஒரு கன்னானின் துளையூசியிடத்து என்று கூறலாம்.

நிறுத்தற் கருவிகளும் இவ்வாறே. மஞ்சாடி மரத்தின் செவ்விதையே முத்தின் அடிப்படை நிறை. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இராசராச சோழன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டுகள் நகைகளிற் கோத்த முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை எனப் பிரித்துக் கழஞ்சிலும் மஞ்சாடியிலும் நிறை கூறுகின்றன. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மன்னார்க் கரையில் வெள்ளைக்கார அதிகாரிகள் கற்றுக்கொண்ட கணக்கும் இதுவே. சிறுதராசை வைப்பதற்கு வணிகர் கொண்டுதிரிந்த மரப்பெட்டி தனியாக நோக்கத்தக்கது. ஒரே கட்டையை இரு பாதியாகப் பிளந்து, தட்டுக்கு வட்டமாகவும் கோலுக்கு நீளமாகவும் படிகளுக்குச் சிறு குழிகளாகவும் உட்புறத்தைக் குடைந்திருப்பர். மூடினால் எதுவும் அசையாது. வள்ளுவர் கண்ட செப்பின் பொருத்தம் இங்கே வணிகனின் மடியில் வந்து தங்கிற்று.

துளையிடும் கருவியைப் பற்றி 1803இல் வெளியான தமது நூலில் றொபேட் பேர்சிவல் தரும் விவரணம் மிகப் பயனுடையது. தலைகீழான கூம்பு வடிவ மரக்கட்டை. ஏறத்தாழ 6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உடையது. 12 அங்குல உயரமுள்ள மூன்று கால்கள் மீது நிற்பது. அதன் தட்டையான மேற்பரப்பில் பெருமுத்துகள் அமர்வதற்குக் குழிகள் உண்டு. சிறுமுத்துகளை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிக் கட்டையிற் பதிப்பர். முத்தின் அளவுக்கேற்ற ஊசிகளை வில்லினாற் சுழற்றுவர். தொழிலாளி இடக்கையால் ஊசியின் மரத்தலையை அழுத்தி, வலக்கையால் வில்லை இழுப்பான். முத்துச் சூடேறாதிருக்க, அருகிலுள்ள தேங்காய்ச் சிரட்டை நீரில் வலக்கைச் சிறுவிரலை நனைத்து முத்தின் மீது சொட்டுவிப்பான். வில்லின் ஓட்டம் அதனால் தடைப்படுவதில்லை. நீண்ட பயிற்சியாலன்றி இது கைவராது என்று பேர்சிவல் வியக்கிறார். வியந்தவர் அத்தொழிலாளியின் பெயரைக் கேட்கவில்லை. அக்காலத்து நூல்களின் பொதுவழக்கு அது. ஆளுநரின் விருந்தினர் பெயர்கள் மாத்திரம் தவறாமல் இடம்பெறும்.

கோட்டைப் பேழையும் ஒல்லாந்தர் பெட்டியும் இயற்கையை உருவமாகச் சித்திரித்தன. அரிப்பின் கருவிகளோ இயற்கையை உறுப்பாகவே ஏற்றுக்கொண்டன: படிக்கு மஞ்சாடி விதை, நீர்க்கலத்துக்குச் சிரட்டை, மெருகுக்கு முத்துத் தூள். அலங்காரம் இன்மையை அழகுணர்வு இன்மையாகக் கொள்வது தவறு. பேழையைச் செதுக்கியவரும் பெட்டியைத் துளைத்தவரும் ஒரே தொழில் மரபினர். தச்சரும் கன்னாரும் தட்டாரும் அடங்கிய கம்மாளர் மரபினர். அவர்கள் திறமை எங்கே கொடியாகப் படர்ந்தது, எங்கே துளையாகச் சுருங்கியது என்பதை முடிவுசெய்தது பணியைக் கொடுத்த வர்க்கத்தின் தேவையே. ஆயினும் பேழையைக் ‘கலை’ என்றும் பெட்டியைக் ‘கருவி’ என்றும் பிரிக்கும் பழக்கத்தினால், பின்னையது கைவினை வரலாற்றுக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது.

1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மறு ஆண்டு மரிச்சுக்கட்டி முகாமில் பணியாற்றியவர்களுள் ஒருவர், பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்வ். அவ்வாண்டே முத்துப்பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டன் கம்பனி ஒன்றிடம் சென்றன; சிப்பி அற்றுப்போனதால் கம்பனி அக்காலம் முடியும் முன்னரே கலைந்தது. 1925க்குப் பின் பெருங்குளிப்பு எதுவும் நிகழவில்லை. யப்பானிய வளர்ப்பு முத்து உலகச் சந்தையைக் கைப்பற்றிய பின், பத்துப் பெட்டிகளுக்கும் கூம்புக் கட்டைக்கும் வேலையில்லாது போயிற்று.

அரிப்பிலே நின்று நிலைத்த ஒரே அலங்காரப் படைப்பு நோர்த்தின் மாளிகைதான். அம்மாளிகையின் பெயராகிவிட்ட டொறிக் என்பது கிரேக்கத் தூண்முறைகளுள் ஒன்று. கொறிந்தியத் தூணின் தலையில் இலைகள் சுருண்டு விரியும், டொறிக் தூணிலோ இலையும் இல்லை, பூவும் இல்லை. செங்கல்லால் எழுப்பிய சுவர்களுக்குச் சுட்ட முத்துச்சிப்பியின் சுண்ணாம்பை இவ்வூர்க் கைகள் பூசின. பளிங்கை ஒத்த அந்த வெண்மையைக் கண்ட கோடினர் பாதிரியார், இலங்கையிலேயே மிக அழகிய கட்டடம் இதுவென எழுதினார். கடல் கரையை அரித்தபடி உள்ளே வந்துவிட்டது. செங்கல் வெளித்தெரியும் சில சுவர்கள் மட்டும் கரைமேட்டின் விளிம்பில் நிற்கின்றன. பூச்சு உதிர்ந்து, சிப்பி வந்த கடலிலேயே விழுகிறது.