விளங்காமை யாருடையது?

1985இல் லண்டன் உளவியலாளர் மூவர், ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்குப் பிறர் மனத்தை ஊகிக்கும் ஆற்றல் குறைவு என்றனர். அம்முடிவு வளர்ந்தோர் மீதும் சுமத்தப்பட்டது. உரையாடல் முறிந்தாற் பழி அவர்களுக்கே. வேலைக்கான நேர்முகத்திற் கண்ணை நோக்காதவன் அக்கறையற்றவன் ஆனான். பெரும்பான்மையோரின் பேச்சுமுறையே அளவுகோல்! அதிகாரம் எங்கும் செய்வது இதுதானே?

2012இல், தாமும் ஓட்டிசமுள்ளவரான ஆங்கிலச் சமூகவியலாளர் டேமியன் மில்ற்றன், விளங்காமை இருபுறத்தது என வாதிட்டார். 2020இல் எடின்பரோ ஆய்வாளர் 8 பேர் கொண்ட வரிசைகளில் ஒரு கதையை வாய்வழி கடத்தச் செய்தனர். ஓட்டிசமுள்ளோர் தமக்குள் பிறரைப் போலவே கடத்தினர். இருசாராரும் கலந்த வரிசையிலேயே கதை கூடுதலாகத் தேய்ந்தது. 2025இல் வெளியான, 311 பேர் பங்குகொண்ட ஆய்விலோ அத்தேய்வும் தோன்றவில்லை. முன்னதைப் போற்றும் நாம் பின்னதை மறைக்கலாகாது. ஓட்டிசமுள்ளோரின் கடத்தும் திறன் இரண்டிலும் குறைந்திருக்கவில்லை.